புது ஷாக் போட்டும் "தொம்" சத்தம்: பம்ப் ஸ்டாப்பை எப்போது மாற்றுவது?

#1 குளச்சல்_கடலோரம்

வணக்கம் நண்பர்களே. என் வண்டி 2014 மாடல் ஹேட்ச்பேக். 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. எட்டு மாதத்துக்கு முன்னால் முன்பக்க ஷாக் அப்சார்பர் (குலுக்கலை அடக்குகிற ஆயில் சிலிண்டர்) இரண்டிலும் ஆயில் கசிந்ததால் புதிது போட்டேன்.

போன மாதம் குலசேகரத்தில் ஒரு கல்யாணம். வண்டியில் ஐந்து பேர், டிக்கி நிறைய சாமான், மேலே ஒரு செவ்வாழைக் குலை. திருவட்டாறு தாண்டி ஒரு ஸ்பீடு பிரேக்கர். வெள்ளைக் கோடு அழிந்து கிடந்ததால் கவனிக்கவில்லை. ஏறி இறங்கியதும் முன்னால் "தொம்" என்று ஓர் அடி. காதில் கேட்டதைவிட ஸ்டியரிங்கிலும் உள்ளங்காலிலும்தான் அதிகம் தெரிந்தது. பின்னால் இருந்த அம்மா "எதிலயோ இடிச்சிட்டியா மக்கா?" என்று கேட்டுவிட்டார். அதற்குப் பிறகு ஆள் ஏற்றினாலே பள்ளத்தில் அதே சத்தம்.

ஷாக் மாற்றிய இடத்துக்குப் போகாமல் தக்கலையில் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் காட்டினேன். அவர் வீலைக் கழற்றி, ஷாக் ராடை மூடியிருக்கும் டஸ்ட் பூட்டை விரலால் தூக்கினார். பூட் மடிப்பு மடிப்பாக வெடித்திருந்தது. உள்ளே இருந்து மஞ்சளும் பழுப்புமாக ஒரு கைப்பிடித் துகள் தரையில் கொட்டியது. டீயில் ஊறின ரஸ்க் மாதிரி. விரலில் வைத்து நசுக்கினால் பிசுபிசுவென்று மாவாகிறது. "இதுதான் உங்க பம்ப் ஸ்டாப்" என்றார், அதாவது ஷாக் கடைசி வரை அமுங்கும்போது இடிக்காமல் தடுக்கிற துண்டு. இடது பக்கம் ராடில் ஒரு வளையம் மட்டும் மிச்சம் இருந்தது. வலது பக்கம் அதுவும் இல்லை. எட்டு மாதம்கூட ஆகாத இடது ஷாக்கின் தலையில் மறுபடியும் ஆயில் ஈரம்.

அதாவது புது ஷாக்கைப் போட்டவர்கள், ஏற்கெனவே உதிர்ந்துகொண்டிருந்த பழைய பம்ப் ஸ்டாப்பையும் பூட்டையும் அப்படியே திரும்ப மாட்டியிருக்கிறார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அதற்கும் சேர்த்தே காசு கொடுத்திருப்பேன். அதுதான் எனக்கு ஆறவில்லை.

என் கேள்விகள்: இதை எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்? இது போனதால்தான் புது ஷாக்கும் போனதா? பின்பக்கத்தையும் பார்க்க வேண்டுமா?

#2 தோவாளை_வேன்

அண்ணாச்சி, இதுக்கு இவ்வளவு கவலை வேண்டாம் என்பது என் கருத்து. பத்து வருஷமாகப் பூ ஏற்றி ஓட்டுகிறேன். பம்ப் ஸ்டாப்பை மாற்றியதே இல்லை, ஒரு சத்தமும் இல்லை. அது ஒரு ரப்பர் துண்டு, அவ்வளவுதானே. ஷாக் எட்டு மாதத்தில் கசிந்தது என்றால் ஷாக்தான் மட்டமாக இருந்திருக்கும்.

#3 மார்த்தாண்டம்_ஸ்பேனர்

இருபத்தாறு வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். தோவாளைத் தம்பி சொல்வதை மறுக்க வேண்டியிருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பூ மூட்டை இடத்தை அடைக்கும், எடையைக் கொடுக்காது. அதனால் உங்கள் வேனின் சஸ்பென்ஷன் கடைசி வரை அமுங்குவதே அபூர்வம். பம்ப் ஸ்டாப்புக்கு அங்கே வேலையே வரவில்லை. குளச்சல்காரர் ஐந்து பேரையும் ஒரு டிக்கி சாமானையும் ஏற்றியிருக்கிறார். இரண்டு வண்டிக்கும் கணக்கு வேறு.

"ரப்பர் துண்டு" என்பதில்தான் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள். பழைய வண்டிகளில் அது உண்மையிலேயே கடைசித் தடுப்பு, இரும்பும் இரும்பும் மோதாமல் காக்கிற ஒரு கட்டை. இப்போதைய கார்களில் அது இரண்டாவது ஸ்பிரிங். சுருள் ஸ்பிரிங்கை மென்மையாக வைத்துச் சொகுசு கொடுக்கிறார்கள். ஆள் ஏறி, வண்டி தாழ்ந்து, பள்ளத்தில் இன்னும் அமுங்கும்போது மிச்ச வேலையை பம்ப் ஸ்டாப் வாங்கிக்கொள்கிறது. முதலில் மெதுவாக, போகப்போக இறுக்கமாக அமுங்கும். அது கூம்பு மாதிரியும் நடுவில் இடுப்பு இடுப்பாகச் சுருங்கியும் இருப்பது அதற்காகத்தான். லோடு ஏற்றிய வண்டி வளைவில் ஒரு பக்கம் சாயும்போதுகூட வெளிப்பக்க பம்ப் ஸ்டாப் வேலை செய்துகொண்டிருக்கும்.

அது இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஷாக் உள்ளே கடைசி வரை போகும். பிஸ்டன் அடியில் இருக்கிற வால்வில் போய் இடிக்கும், அல்லது சிலிண்டரின் தலை நேராக மேலே ஸ்ட்ரட் மவுண்டில் (ஷாக்கின் மேல் முனையைப் பாடியோடு பிடிக்கிற பகுதி) இடிக்கும். ஒரு தடவை இடித்தால் ஒன்றும் தெரியாது. நூறு தடவை இடித்தால் மவுண்ட் ரப்பர் கிழியும், உள்ளே இருக்கிற பேரிங் போகும், ஷாக் தளரும். வேகத்தையும் மறந்துவிடக் கூடாது. இரண்டு மடங்கு வேகத்தில் பள்ளத்தில் விழுந்தால் அந்த அடியில் இருக்கிற சக்தி நான்கு மடங்கு.

உங்கள் ஷாக் கசிந்ததற்கு இதோடு சேர்ந்து இன்னொரு காரணமும் இருக்கும். பூட் கிழிந்திருந்தது என்றீர்கள். குளச்சலில் வீடு என்றால் உப்புக் காற்று. ராடின் மேலே குரோம் பூச்சு இருக்கிறது. கிழிந்த பூட் வழியாக மணலும் உப்பும் உதிர்ந்த பம்ப் ஸ்டாப் துகளும் சேர்ந்து ராடில் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு முறை ராடு உள்ளே போகும்போதும் அது ஆயில் சீலை (ஆயில் வெளியே வராமல் தடுக்கிற வளையம்) அரம் மாதிரி தேய்க்கும். அப்புறம் குரோமில் ஊசிமுனை அளவு துரு விழும். அந்தத் துருப் புள்ளி சீலை வெட்டிவிடும். எனவே ஷாக் மட்டம் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம், நல்ல ஷாக்கும் இந்த நிலைமையில் தாங்காது.

எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டீர்கள். அப்படி ஒரு நிலையான எண் கிடையாது. நான் கடைப்பிடிக்கிற வழக்கத்தைச் சொல்கிறேன். ஷாக் மாற்றினால் பம்ப் ஸ்டாப்பும் பூட்டும் கட்டாயம் புதிது. பழையது பார்க்க நன்றாக இருந்தாலும் சரி, திரும்ப மாட்ட மாட்டேன். ஷாக் தயாரிக்கிற கம்பெனிகளே இரண்டையும் சேர்த்து ஒரு கிட்டாக விற்கிறார்கள். ஷாக் நன்றாக இருக்கிற வண்டியில், டயர் மாற்றிப் போடும்போதோ அலைன்மென்ட் பார்க்கும்போதோ பூட்டைத் தூக்கி ஒரு பார்வை பார்ப்பேன். ஏழெட்டு வருஷம் தாண்டிய வண்டி என்றால் கையால் அழுத்தியே பார்ப்பேன். விரலில் பொடி ஒட்டினால் அதற்கு மேல் காத்திருக்க மாட்டேன்.

#4 நாகர்கோவில்_பாலிமர்

இது என் படிப்புக்குள் வருகிற விஷயம், அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

ரஸ்க் மாதிரி உதிர்ந்தது என்றாரே, அது தேய்மானம் இல்லை. இப்போது பெரும்பாலான கார்களில் வருகிற பம்ப் ஸ்டாப் மைக்ரோசெல்லுலார் பாலியூரித்தேன். கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் காற்று அறைகள் நிறைந்த நுரை. சாதாரண ரப்பரை அழுத்தினால் பக்கவாட்டில் பிதுங்கும். இது பெரிதாகப் பிதுங்காது, அந்தக் காற்று அறைகள் மூடிக்கொண்டு தன் உயரத்தில் கால் பங்கு அளவுக்குக்கூட நசுங்கி மறுபடி எழும். குறுகலான பூட்டுக்குள் அடங்கி வேலை செய்ய அதுதான் வசதி.

பாலியூரித்தேனில் பாலியஸ்டர் வகை, பாலிஈதர் வகை என்று இருக்கிறது. பாலியஸ்டர் வகைக்கு வலிமை அதிகம், ஆனால் ஈரமும் சூடும் சேர்ந்தால் தண்ணீர் அதன் சங்கிலியையே அறுத்துவிடும். அதற்கு நீராற்பகுப்பு என்று பெயர். பழைய ஷூவை அலமாரியில் வைத்துவிட்டு இரண்டு வருஷம் கழித்து எடுத்தால் அடிப்பாகம் பொடிப்பொடியாக உதிருமே, அதேதான். ஓட்டாமல் நிறுத்தி வைத்தாலும் நடக்கும். பாலிஈதர் வகை ஈரத்தை இன்னும் நன்றாகத் தாங்கும்.

நம் மாவட்டத்தை யோசித்துப் பாருங்கள். ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அது ஓய்ந்ததும் அக்டோபரில் வடகிழக்கு. இரண்டுமே நமக்குப் பெய்கிறது. நடுவில் வெயில். கிழிந்த பூட்டுக்குள் போன ஈரம் காய்வதற்குள் அடுத்த மழை வந்துவிடும். 2021 நவம்பர் வெள்ளத்தில் முழங்கால் தண்ணீரில் நின்ற வண்டிகள் எத்தனை! எனவே கிலோமீட்டர் குறைவு, பம்ப் ஸ்டாப் நன்றாகத்தான் இருக்கும் என்ற கணக்கு இங்கே சரிவராது. வயதைப் பாருங்கள்.

#5 கீரிப்பாறை_ஜீப்

அப்படியானால் கம்பெனிக்காரர்கள் ஏன் நுரையை வைக்கிறார்கள்? எங்கள் ஜீப்பில் சேஸ் கட்டையின் அடியில், ஆக்சிலுக்கு நேர் மேலே, கட்டை ரப்பர் போல்ட் போட்டு வைத்திருக்கிறது. அசல் இயற்கை ரப்பர். தோட்டத்தில் இருந்து ரப்பர் ஷீட் ஏற்றிக்கொண்டு கல் பாதையில் இறங்கும்போது பின்னால் பத்து தடவையாவது அடிக்கும். பதினைந்து வருஷத்தில் ஒரு தடவைதான் மாற்றினேன். அதுவும் உதிரவில்லை, ஓரம் வெடித்தது. ரப்பர் விளைகிற ஊரில் இருந்துகொண்டு நுரையை ஏன் நம்ப வேண்டும்?

#6 நாகர்கோவில்_பாலிமர்

கீரிப்பாறை அண்ணே, நீங்கள் சொல்வது சரி. அந்த வண்டிக்கு அதுதான் சரி. இயற்கை ரப்பர் ஈரத்துக்கு அசையாது, அதன் எதிரி ஓசோனும் வெயிலும் ஆயிலும். ஓரத்தில் வெடிப்பு விழுவது அதனால்தான். ஜீப்பில் அதைச் சுற்றி இடம் இருக்கிறது, பிதுங்கினாலும் பாதகமில்லை. காரில் ராடைச் சுற்றி ஓர் உள்ளங்கை இடம்கூடக் கிடையாது. கட்டை ரப்பரை வைத்தால் பிதுங்கிப் பூட்டைக் கிழிக்கும், கொஞ்சம் அமுங்கியதுமே கல் மாதிரி இறுகும். அந்த அடி மவுண்டுக்கும் பாடிக்கும் போகும்.

#7 மார்த்தாண்டம்_ஸ்பேனர்

அதையே நானும் சொல்ல வந்தேன். வேறு வண்டியின் கட்டை ரப்பரை வெட்டி உள்ளே சொருகிய கார்களைக் கழற்றியிருக்கிறேன். மவுண்ட் பிளேட் வளைந்திருந்தது.

கீரிப்பாறை அண்ணே, உங்கள் ஜீப்பில் ரப்பரை மட்டும் பார்க்காதீர்கள். அதற்கு நேர் கீழே ஆக்சிலில் ரப்பர் படுகிற இடத்தைப் பாருங்கள். அங்கே துரு இல்லாமல் தேய்த்த மாதிரி பளபளத்தால் தினமும் அடிக்கிறது என்று அர்த்தம். அப்போது ரப்பரை மாற்றினால் மட்டும் போதாது, பட்டை ஸ்பிரிங் தளர்ந்திருக்கும்.

இது காருக்கும் பொருந்தும். பம்ப் ஸ்டாப் போய்விட்டதே என்று அதை மட்டும் மாற்றி அனுப்பக் கூடாது. அது ஏன் இவ்வளவு அடி வாங்கியது என்று பார்க்க வேண்டும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, வீல் நடுவில் இருந்து மட்கார்டு விளிம்பு வரை நாலு பக்கமும் டேப் வைத்து அளந்துவிடுங்கள். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் சுருள் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது அடிச்சுற்று உடைந்திருக்கும். கடலோர வண்டிகளில் அடிச்சுற்று துருப்பிடித்து உடைவது புதிதல்ல.

#8 இரணியல்_டீச்சர்

எல்லாவற்றையும் படித்தேன், நன்றி. எனக்கு ஒரு சந்தேகம். தினமும் இரணியலில் இருந்து திங்கள்நகர் வழியாகப் பள்ளிக்கூடம் போகிறேன். பெரிய பள்ளத்தில் சத்தமே இல்லை. பொடிக் கற்கள் பெயர்ந்த சாலையில் மெதுவாகப் போகும்போதுதான் வலது பக்கம் "டக் டக் டக்" என்று கேட்கிறது. இதுவும் பம்ப் ஸ்டாப்தானா? தனியாகத்தான் போகிறேன், வண்டியில் எடையும் இல்லை.

#9 மார்த்தாண்டம்_ஸ்பேனர்

டீச்சர், அது பம்ப் ஸ்டாப்பாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பம்ப் ஸ்டாப் சத்தம் ஒற்றை அடியாக வரும். சஸ்பென்ஷன் முழுக்க அமுங்குகிற நேரத்தில் மட்டும் வரும், எடை கூடினால் கூடும். சின்னச் சின்ன அதிர்வில் தொடர்ந்து டக் டக் என்றால் முதலில் ஸ்டெபிலைசர் லிங்க் ராடை (வண்டி சாயாமல் பிடிக்கிற கம்பியை வீல் பக்கத்தோடு இணைக்கிற சின்ன ராடு) பாருங்கள். அடுத்தது லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட். நின்ற இடத்தில் ஸ்டியரிங் திருப்பும்போது "டிங்" என்று ஸ்பிரிங் துள்ளுகிற சத்தம் வந்தால் ஸ்ட்ரட் மவுண்ட் பேரிங். ஸ்பீடு பிரேக்கரில் ஏறி, வீல் கீழே தொங்குகிற நேரத்தில் "டக்" என்றால் ஷாக் விரியும்போது கடைசியில் முட்டுகிறது, அது வேறு.

யாராவது சத்தத்தைக் கேட்காமலேயே மொத்த ஷாக்கையும் மாற்றச் சொன்னால் சம்மதிக்க வேண்டாம். பக்கத்தில் உட்கார வைத்து அந்தச் சாலையில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டுங்கள்.

#10 தோவாளை_வேன்

சரி அண்ணாச்சி, ஒத்துக்கொள்கிறேன். நேற்று நானும் பூட்டைத் தூக்கிப் பார்த்தேன். முழுசாக இருக்கிறது, ஆனால் அடி விளிம்பில் நகம் பட்டால் உதிர்கிறது. ஆன்லைனில் சுருளுக்கு நடுவில் சொருகுகிற ரப்பர் பஃபர் விற்கிறார்களே, அதைப் போட்டால் பம்ப் ஸ்டாப்புக்கு வேலை குறையுமா? கிரவுண்ட் கிளியரன்ஸும் கூடும் என்கிறார்கள்.

#11 மார்த்தாண்டம்_ஸ்பேனர்

நகம் பட்டு உதிர்ந்தால் மாற்றிவிடுங்கள் தம்பி, பார்த்தது நல்லது.

அந்த பஃபரை நான் போடுவதில்லை. சுருள் ஸ்பிரிங் எல்லாச் சுற்றும் சேர்ந்து அமுங்க வேண்டும். நடுவில் இரண்டு சுற்றைப் பூட்டிவிட்டால் மற்றச் சுற்றுகள் கூடுதலாக முறுக்கு வாங்கும். ஸ்பிரிங்கின் கடினம் மாறும், ஆனால் ஷாக் பழைய கடினத்துக்குச் செய்தது. எடை இல்லாமல் போனால் வண்டி துள்ளும். பஃபருக்கும் கம்பிக்கும் நடுவில் மண்ணும் தண்ணீரும் தங்கிப் பெயின்ட் உரிந்து துருப்பிடிக்கும், நம் ஊரில் இன்னும் வேகமாக. ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் ஸ்பிரிங்கை மாற்றுங்கள்.

அதேபோல வண்டியைத் தாழ்த்துகிறேன் என்று சின்ன ஸ்பிரிங் போட்டுவிட்டு, பம்ப் ஸ்டாப்பை பிளேடால் பாதியாக வெட்டுகிற பையன்களைப் பார்க்கிறேன். அந்த ஸ்பிரிங் செய்த கம்பெனி இத்தனை மில்லிமீட்டர் வெட்டு என்று எழுதியிருந்தால் ஒழிய வெட்டக் கூடாது. தாழ்ந்த வண்டியில் டயர் மட்கார்டில் உரசாமல் காப்பதும் அந்தத் துண்டுதான்.

#12 குளச்சல்_கடலோரம்

அண்ணே, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. வேலையை வரும் சனிக்கிழமை வைத்திருக்கிறேன். கூட நின்று நான் என்னென்ன கவனிக்க வேண்டும்?

#13 மார்த்தாண்டம்_ஸ்பேனர்

முதலில், வீட்டில் செய்து பார்க்கிற எண்ணம் யாருக்காவது இருந்தால் விட்டுவிடுங்கள். பம்ப் ஸ்டாப்பை எடுக்க ஸ்ட்ரட்டை (ஷாக்கும் சுருளும் சேர்ந்த மொத்தப் பகுதி) கழற்றி, மேல் நட்டை எடுக்க வேண்டும். ஸ்பிரிங்கை கம்ப்ரஸரில் இறுக்கிப் பிடிக்காமல் அந்த நட்டைத் தொட்டால் ஸ்பிரிங் பாய்ந்து ஆளையே அடித்துவிடும். அனுபவம் உள்ளவர்களே கம்ப்ரஸர் கொக்கி இரண்டும் நேர் எதிரே பிடித்திருக்கிறதா என்று இரண்டு தடவை பார்ப்பார்கள்.

மேல் நட்டைத் திருப்பும்போது ராடும் சேர்ந்து சுற்றும். அவசரத்தில் சிலர் பளபளப்பான ராடையே பிளேயரால் பிடிப்பார்கள். அந்த ஒரு கீறல் போதும், புது சீலும் கிழியும். ராடின் நுனியில் ஆலன் கீ போட இடம் இருந்தால் அதில்தான் பிடிக்க வேண்டும். இதைக் கூட நின்று பாருங்கள்.

பழைய பம்ப் ஸ்டாப்பின் துகளை ராடில் இருந்து துணியால் முழுக்கத் துடைத்துவிட்டுப் புதிதை இறக்க வேண்டும். வழுக்கி இறங்கட்டும் என்று சாதாரண கிரீஸ் தடவ வேண்டாம். எந்த முனை மேலே, எந்த முனை கீழே என்று பார்த்துப் போட வேண்டும். பெரும்பாலும் அகலமானது மேலே மவுண்ட் பக்கம், குறுகியது கீழே. தலைகீழாகப் போட்டதையும் கண்டிருக்கிறேன். இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரு பக்கம் புதிது, ஒரு பக்கம் செத்தது என்றால் வளைவில் வண்டி இரண்டு விதமாக நடக்கும். ஸ்ட்ரட்டைக் கழற்றியதால் கடைசியில் அலைன்மென்ட்.

பின்பக்கம் உங்கள் மாதிரி வண்டிகளில் பார்ப்பது சுலபம். சிலவற்றில் சுருளுக்கு உள்ளேயே நிற்கும், சிலவற்றில் ஷாக் ராடில் இருக்கும். செல்போன் டார்ச் அடித்தால் தெரியும்.

வேலை முடிந்ததும் ஒன்று செய்து பாருங்கள். பூட்டைக் கீழிருந்து மேலே சுருட்டிவிட்டு, ராடில் ஒரு நைலான் டேக்கை (ஒயர் கட்டுகிற பிளாஸ்டிக் பட்டை) கட்டுங்கள். விரலால் தள்ளினால் நகரும் அளவுக்கு, ரொம்ப இறுக்கமாக வேண்டாம். அதைச் சிலிண்டர் தலையில் உட்கார வைத்து ஓட்டிவிட்டு வாருங்கள். சிலிண்டர் மேலே வரும்போது டேக்கைத் தள்ளிக்கொண்டு போகும், திரும்பி இறங்கும்போது டேக் அங்கேயே நிற்கும். எவ்வளவு தூரம் அமுங்கியது என்று கண்ணால் பார்க்கலாம். பார்த்ததும் டேக்கை வெட்டி எடுத்துவிட்டுப் பூட்டை இறக்கிவிடுங்கள்.

#14 குளச்சல்_கடலோரம்

சனிக்கிழமை வேலை முடிந்தது. கசிந்த இடது ஷாக்கும் அதற்கு ஜோடியாக வலதும் புதிது. பம்ப் ஸ்டாப், பூட், மவுண்ட் இரண்டு பக்கமும். வலது மவுண்டின் ரப்பர் உலோகத்தில் இருந்து பிரிந்து நின்றது, கழற்றிய பிறகுதான் தெரிந்தது. பின்னால் வலது பம்ப் ஸ்டாப் நன்றாக இருந்தது, இடதில் சுற்றிலும் வெடிப்பு. இரண்டையும் மாற்றச் சொன்னேன். மொத்த பில்லில் பம்ப் ஸ்டாப்புக்கும் பூட்டுக்கும் ஆனதுதான் மிகச் சின்னத் தொகை. எட்டு மாதத்துக்கு முன்பு இந்தச் சின்னத் தொகையைச் சேர்த்திருந்தால் இரண்டு ஷாக்கும் கூலியும் மிச்சம். இதைப் படிக்கிறவர்கள் ஷாக் மாற்றக் கொடுக்கும்போது, "பம்ப் ஸ்டாப், பூட் புதுசு போடுறீங்களா?" என்று வாய் திறந்து கேளுங்கள். பழையதைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

டேக் சோதனையும் செய்தேன். தனியாகத் தக்கலை போய் வந்ததில் டேக் பம்ப் ஸ்டாப்புக்கு இரண்டு விரல் கீழே நின்றது. ஞாயிறன்று அதே ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு திருவட்டாறு ஸ்பீடு பிரேக்கரில் மெதுவாக ஏறி இறங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் டேக் பம்ப் ஸ்டாப்பின் அடியில் ஒட்டி நிற்கிறது. தொட்டிருக்கிறது, ஆனால் காரில் யாருக்கும் தெரியவில்லை. பஞ்சு மூட்டை மேல் உட்கார்ந்த மாதிரி அமுங்கி எழுந்தது. இப்படித் தொடுவது சரிதானே அண்ணே?

#15 மார்த்தாண்டம்_ஸ்பேனர்

சரிதான். ஐந்து பேரோடு அதைத் தொடத்தான் செய்யும், அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். தனியாகப் போகும்போதே தொட ஆரம்பித்தால் ஸ்பிரிங்கைப் பாருங்கள்.

#16 இரணியல்_டீச்சர்

வலது லிங்க் ராடுதான். மாற்றியாயிற்று, சத்தம் போய்விட்டது. ஆனால் அதைக் கழற்றும்போது வலது பூட்டில் ஒரு கீறல் இருப்பதைக் காட்டினார்கள். உள்ளே பம்ப் ஸ்டாப் நன்றாகத்தான் இருக்கிறதாம், விரல் வைத்துப் பார்த்தேன், பொடி ஒட்டவில்லை. மழைக்கு முன்னால் பூட்டை மட்டும் மாற்றலாமா, இரண்டையுமா?

#17 மார்த்தாண்டம்_ஸ்பேனர்

டீச்சர், உங்கள் வண்டியில் பூட்டும் பம்ப் ஸ்டாப்பும் சேர்ந்தே ஒரு செட்டாக வரும் என்றால் இரண்டும் மாறிவிடும். தனித்தனி என்றாலும் ஸ்ட்ரட்டைக் கழற்றுகிற கூலி ஒன்றுதான், அதனால் இரண்டு பக்கமும் இரண்டையும் போட்டுவிடுங்கள். கடையில் வாங்கும்போது பழையதைக் கையில் கொண்டுபோய் உயரத்தையும் நடுத் துளையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே வண்டியில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் உயரம் மாறலாம்.